கடலோரச் சாளைக்கு வில்லங்கம் பாத்தியா, அப்புனு?

ஏங்கண்ணு, கடலுக்குப் போறியாமா. போ சாமி, நல்லாப் போயிட்டு வா. நான் வேண்டாம்னா சொன்னேன்? காந்திபுரத்துல குடியிருக்கறவன் வருசத்துக்கு ஒருக்கா எங்கயாச்சும் ஓடித்தான் ஆகோணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்னி பஸ்காரன் "பெங்களூரு, பெங்களூரு"ன்னு தொண்டை கிழியக் கத்தறான். மேம்பாலத்து மேல லாரி போனா உன்ற ஊட்டுக் கண்ணாடி டம்ளர் கூடச் சேந்து பாடுது. ஒறம்பரையா வந்த எனக்கே எங்கயாச்சும் ஓடிப்போலாமான்னு இருக்குது.

இருந்தாலும் ஒண்ணு கேட்டுக்கறேன், கோவிச்சுக்காதே. அன்னூருக்குப் பக்கத்துல நம்ம தோட்டத்துல ஒரு சாளை இருக்குதே, ஞாபகம் இருக்குதா? ஓலைக்கூரை, கயித்துக் கட்டில், வேப்பமரத்துக் காத்து. போன நோம்பிக்குக் கூப்பிட்டப்ப சாணி வாசம் அடிக்குதுன்னு ஒரு ராத்திரி கூடத் தங்காம ஓடியாந்தவங்கதான் நீயும் அம்மிணியும். இப்ப அதே ஓலைக்கூரை, அதே கயித்துக் கட்டில், சாணிக்குப் பதிலா கருவாட்டு வாசம். அதுக்கு ஒரு ராத்திரிக்கு எத்தனையோ ஆயிரம்னு செல்லுல விரலை வெச்சுத் தேய்ச்சுப் பணம் கட்டறே. கட்டு கட்டு. காசும் உன்றது, மூக்கும் உன்றது.

அந்தச் செல்லைச் சித்தெ இப்படிக் குடு. என்ன போட்டிருக்கான்? "காலடியில் கடல். யாரும் தொடாத கடற்கரை. பூரண அமைதி." அடேங்கப்பா! மூணு வரியில மூணு வில்லங்கம். நான் மணியகாரர் உத்தியோகம் பாத்தவன் கண்ணு. 1980-ல எம்.ஜி.ஆர். அந்த உத்தியோகத்தை எடுத்துப்போட்டாரு. எந்த எடத்தைப் பாத்தாலும் எல்லைக்கல்லைத் தேடற புத்தியை அவராலயும் எடுக்க முடியல. ஒரு செண்டு பூமி வாங்கறதுக்கு பட்டா, சிட்டா, அடங்கல், முப்பது வருசத்து வில்லங்கம்னு பாக்கற சாதிசனம் நாம்ப. தலைமாட்டுல கடலை வெச்சுக்கிட்டுத் தூங்கற எடத்துக்குப் படத்தை மட்டும் பாத்துப்போட்டு அட்வான்ஸ் அனுப்பறே.

காலடியில கடல்ங்கறானே, எத்தனை அடியிலன்னு கேட்டியா? கேக்கோணும். கடலுக்கும் எல்லைக்கல் இருக்குது. ஓதம் ஏறறப்ப கடல்தண்ணி உச்சமா எங்க வரைக்கும் வருதோ அதை ஓதக்கோடுன்னு வெச்சு, அங்கிருந்து அளக்கறாங்க. 1991-ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுச்சு. டவுனு இல்லாத கரையில ஓதக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ள புதுசாக் கட்டடம் கட்டப்படாது; ஓட்டலு, விடுதியெல்லாம் அதுக்கு அக்கட்டால, அதுவும் அனுமதி வாங்கித்தான். 2011-லயும் அந்த 200 மீட்டர் நின்னுது. 2019-ல புது விதி வந்துச்சு. சனநெருக்கம் எச்சா இருக்கற கிராமத்துக்கு, அதாவது 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல இருந்தா, 200 போயி 50 ஆச்சு. கூட்டம் கம்மியான ஊருல இன்னும் 200தான். இப்ப நீயே கணக்குப் போடு. கூட்டமே இல்லாத கரை வேணும்ங்கறே. கூட்டமில்லாத கரையில 200 மீட்டருக்குள்ள வெறும் மணலுதான் இருக்கோணும். அப்பறம் உன்ற காலடிக்குக் கடல் எப்படி வந்துச்சு? ஒண்ணு சட்டத்துக்கு முந்தியே இருந்த பழைய ஊடா இருக்கோணும், இல்லீன்னா போட்டோ புடிச்சவன் கெட்டிக்காரனா இருக்கோணும். மூணாவது ஒண்ணும் இருக்குது. அதை நான் வாயால சொல்லமாட்டேன், கேரளாக்காரங்க இடிச்சே காட்டியிருக்காங்க.

நம்ம பாலக்காட்டுக் கணவாய் தாண்டி அக்கட்ட போனா வேம்பநாட்டுக் காயல். அதுல நெடியதுருத்துன்னு ஒரு தீவு. 54 வில்லா கட்டினாங்க கண்ணு, ஒவ்வொண்ணும் மாப்பிள்ளை ஊடாட்ட. கடற்கரை விதியை மீறிக் கட்டினதுன்னு உச்ச நீதிமன்றம் 2020 சனவரியில தீர்ப்புச் சொல்லி, 2022-ல இடிக்க ஆரம்பிச்சாங்க. அதே 2020 சனவரியிலதான் அதே கேரளாவுல மரடுல, அதே விதியை மீறுன அடுக்குமாடிக்கெல்லாம் வெடி வெச்சாங்க. நீயும் டிவியில பாத்துட்டு விசில் அடிச்சியே. தங்கற எடத்தை வெடி வெச்சுத் தகர்ப்பாங்கன்னு பயந்துக்க வேண்டாம், ஒரு ராத்திரிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா 'இது ஓதக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டருங்க?'ன்னு போன்ல ஒரு வார்த்தை கேட்டுப்பாரு. அக்கட்டத்து ஆளு "சார், ஏசி இருக்குது சார்"ன்னு சொன்னான்னா புரிஞ்சுக்கோ.

எந்த ஊருன்னே? தரங்கம்பாடியா. அட, நல்ல ஊராத்தான் புடிச்சிருக்கே. யாரும் தொடாத கடற்கரைன்னு அந்த ஊருக்கு எழுதினவனைத்தான் நான் பாக்கோணும். அதைத் தொடாதவன் யாரு? 1620-ல டென்மார்க்குக்காரன் ஓவே கெத்தேன்னு ஒருத்தன் வந்து, தஞ்சாவூரு ரகுநாத நாயக்கரு கிட்டக் கேட்டு, கரையோரமா ஒரு கோட்டை கட்டினான். டேன்ஸ்பர்க் கோட்டை, இன்னமும் நிக்குது. நாயக்கரு டென்மார்க்கு ராசாவுக்குத் தங்கத் தகட்டுல எழுதிக் குடுத்த கடுதாசி கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்குது. பத்திரம்னா அது பத்திரம்! குத்தகை வருசத்துக்கு 3,111 ரூவான்னு எழுதி வெச்சிருக்காங்க. ஊரு, கோட்டை, துறைமுகம் எல்லாத்துக்கும் சேத்து வருசத்துக்குக் குடுத்ததை, நீ ரெண்டு தலகாணிக்கும் காலைப் பலகாரத்துக்கும் ஒரே ராத்திரியில குடுக்கப்போறே. ரகுநாத நாயக்கரு இன்னைக்கு இருந்தா கோட்டைக்குப் பதிலா காட்டேஜ் கட்டியிருப்பாரு.

அப்பறம் 1706-ல சீகன்பால்குங்கற பாதிரியாரு வந்து எறங்குனாரு. தமிழ் படிச்சு, அச்சுக்கூடம் போட்டு, 1715-ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சாரு. காயிதத்துக்குப் பக்கத்துப் பொறையாறுல ஆலை வெச்சாங்க. 1845-ல டேனிஷ்காரன் கணக்கு முடிச்சான். வங்காளத்துச் செராம்பூரையும் இதையும் ஒட்டுக்கா பன்னண்டரை லட்சம் ரூவாய்க்கு வெள்ளைக்காரன் கம்பெனிக்கு வித்துப்போட்டுக் கப்பலேறிட்டான். நாயக்கரு, டேனிஷ்காரன், பாதிரி, கம்பெனிக்காரன் இத்தனை பேரு மிதிச்ச மணலுக்கு 'யாரும் தொடாத'ன்னு பேரு வெச்சா, கரையில வலை பிரிச்சுக்கிட்டு நிக்கற மீனவன் உன்னைப் பாத்துச் சிரிப்பான். நாயக்கருக்கும் முந்தியே அங்க நிக்கறவன் அவன்தான்.

அங்கதான் அப்புனு நீ கவனமா இருக்கோணும். கரை காலியாத் தெரியுதுன்னு யாருக்கும் சொந்தமில்லாததுன்னு நினைச்சுராதே. நம்ம களத்துல ராகி காயப்போட்டிருக்கறப்ப எவனோ ஒருத்தன் வந்து, மேல டவலை விரிச்சுப் படுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு "என்ன அமைதி!"ன்னு சொன்னா உன்ற ஆத்தா சீமாத்தை எடுக்கமாட்டாளா? அந்த மணலு அவிங்களுக்குக் களம். நெத்திலி காயும், வலை காயும், கரைவலை இழுப்பாங்க, ஃபைபர் படகை ஏத்தி நிறுத்துவாங்க. சர்வே நம்பரைத் தேடினா புறம்போக்குன்னுதான் இருக்கும், ஆனா ஊருப் பஞ்சாயத்தாரு வாயில ஒவ்வொரு அடிக்கும் கணக்கு இருக்கும். வலைக் கயித்தைத் தாண்டிப் போறதுக்கு முன்னால "அண்ணா, போலாமுங்களா?"ன்னு ஒரு வார்த்தை. நம்மூரு 'ங்க' எங்க போனாலும் செல்லும். அதுக்கு மட்டும் ஜி.எஸ்.டி. இல்லை.

எல்லைக்கல்லைப் பத்திப் பேசினேனே, இன்னொண்ணு. அந்த ஊருல மாசிலாமணிநாதர் கோயிலுன்னு ஒண்ணு இருக்குது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1306 வாக்குல கட்டினது. முன்னால இருந்த பகுதியெல்லாம் கடல் கொண்டுபோயிருச்சு. கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. கட்டினவன் கடலுக்குள்ள கோயில் கட்டியிருப்பானா? தள்ளித்தான் கட்டியிருப்பான். கடல் நடந்து வந்துச்சு. கெழக்குக் கரையில மணலு சும்மா கிடக்கறதில்லை கண்ணு, வருசத்துல பெரும்பாலும் தெக்கேயிருந்து வடக்கே நகந்துகிட்டே இருக்கும். குறுக்கே எவனாச்சும் கல்லைப் போட்டா, வடக்கே இருக்கறவன் கரை கரையும். பாண்டிச்சேரியில 1980-கள் கடைசியில துறைமுகத்துக்குக் கல்லு நீட்டினாங்க. டவுனுக்கு முன்னால இருந்த மணலு போயி வெறும் பாறாங்கல்லு மிஞ்சுச்சு. அதனால 'கடலுக்கு நேரா ரூம் வேணும்'னு சண்டை போடாதே. நேரா இருக்கற ரூமுக்கு எச்சாக் காசு வாங்கறான், கடலும் அந்த ரூமைத்தான் மொதல்ல கேக்கும்.

சிரிக்கறே. 2004 டிசம்பர் 26-ல அந்தக் கரையில யாரும் சிரிக்கல. அப்ப அது நாகப்பட்டினம் ஜில்லா, 2020-லதான் மயிலாடுதுறை ஜில்லா தனியாப் பிரிஞ்சுது. அந்த நாகப்பட்டினம் ஜில்லாவுல மட்டும் சுனாமியில ஆறாயிரம் பேருக்கு மேல போயிச் சேந்தாங்க. நையாண்டி பண்றதுக்கு அது எடமில்லை. ஆனா அதுக்கு அடுத்து நடந்ததைக் கேளு. 2005 மார்ச்சுல அரசாணை 172-ன்னு ஒண்ணு வந்துச்சு. ஓதக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ள இருக்கற மீனவன் அக்கட்டால போனா ஊடு கட்டித் தரோம்; போகமாட்டேன்னா இருந்துக்கோ, ஆனா அரசாங்கத்து உதவி கிடையாதுன்னு. படகு இங்க, ஊடு அங்க. நாம்ப காலி பண்ற எடத்துல நாளைக்கு ஓட்டலு வந்துருமோன்னு அவிங்க சந்தேகப்பட்டாங்க. சந்தேகப்பட மாட்டாங்களா? கடலை நம்பிப் பொழைக்கறவன் பின்னால போகோணும், ரெண்டு நாளைக்கு வேடிக்கை பாக்க வர்ற நீ முன்னால தூங்கோணும். இதுல எது நாயம்னு நான் சொல்ல வரல. நீ பி.ஈ. படிச்சவன், நானு எஸ்.எஸ்.எல்.சி.

வழி இருக்குது, இல்லாமல்ல. 2019 விதியிலயே ஒண்ணு வெச்சிருக்காங்க. கரையோரத்துக்காரங்க அவிங்க குடியிருக்கற ஊட்டுலயே, அடிமனையையும் முகப்பையும் மாத்தாம, வர்றவங்களைத் தங்க வெச்சுக் காசு வாங்கிக்கலாம்னு. அப்படி ஊடு கெடைச்சா அங்க தங்கு. இல்லீன்னா கோட்டைக்குப் பக்கத்துல பழைய பங்களாவையும் தெருவுல பழைய ஊடுகளையும் புதுக்கி வெச்சிருக்காங்க, அதுல தங்கு. புதுசா எதுவும் முளைக்காம இருந்ததைத் தொடைச்சு வெச்சது. காசு எச்சாத்தான். ஆனா பழைய செவுத்துக்குக் காசு குடுத்தா செவுரு நிக்கும்.

நீச்சல் குளம் இருக்குதான்னு அம்மிணி கேக்குது. கடலுக்கு முன்னால நீச்சல் குளம்! இதை நான் நம்மூருல சொன்னா எனக்கு மண்டை கலங்கிருச்சுன்னு வைத்தியரைக் கூட்டியாந்துருவாங்க. ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வர்ற ஊருக்காரங்க நாம்ப, அதனால தண்ணிக் கணக்கு நமக்குத் தெரியோணும். கடலோரத்துல நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேல லேசா மிதந்துகிட்டுத்தான் நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ நாப்பது அடிக்கு நல்ல தண்ணின்னு கணக்கு. மேல ஒரு அடி எறங்குச்சுன்னா அடியில உப்பு நாப்பது அடி ஏறி வரும். காட்டேஜ்காரன் மோட்டாரு போட்டு உறிஞ்சி உன்ற குளத்தை ரொப்பினா, மொதல்ல உப்புக் கரிக்கறது பின்னால இருக்கற தெருவோட அடி பம்புதான். குளிச்சுத்தான் ஆகோணும்னா கடல்ல குளி அம்மிணி. ஆனா அதுலயும் எங்க எறங்கலாம்னு படகுக்காரனைக் கேட்டுட்டு எறங்கு. அலை கம்மியா, பாக்கறதுக்குச் சாதுவாத் தெரியற எடத்துலதான் தண்ணி திரும்ப உள்ள ஓடும். சிறுவாணித் தண்ணியில வளந்தவங்களுக்கு அந்த இழுப்பு தெரியாது. இழுத்துருச்சுன்னா கரைக்கு நேரா மல்லுக்கட்டாதே, பக்கவாட்டுல நீந்தி வெளிய வா.

அந்த மூணாவது வரி, பூரண அமைதி. கடலுக்கு லீவு கிடையாது கண்ணு. ராத்திரி பூராவும் அடிச்சுக்கிட்டே இருக்கும். வெள்ளெனே, கோழி கூப்படறதுக்கு முந்தியே, படகு மோட்டாரை உசுப்புவான். காந்திபுரத்துல பெங்களூருக்குப் போற பஸ்ஸு, அங்க மீன்பாட்டுக்குப் போற படகு. என்ன, படகுக்காரன் உன்னையக் கூப்பிடமாட்டான்.

அப்பறம் ஓசோன். தரங்கம்பாடியில ஓசோன் காத்து எச்சா அடிக்குது, உடம்புக்கு அத்தனை நல்லதுன்னு ஒரு பேச்சு இருக்குது. ஓசோன் இருபது முப்பது கிலோமீட்டரு ஒசரத்துல இருந்தாத்தான் நமக்கு நல்லது, வெயிலோட வெசத்தைத் தடுக்கும். கீழ எறங்கி மூக்குக்குள்ள போச்சுன்னா நெஞ்சை அரிக்கும். கடலோரத்துல வாசம் அடிக்கறது பாசியெல்லாம் விடற கந்தக வாயு. வண்டிப்புகையும் வெயிலும் சேந்தா ஓசோன் தானா உண்டாகும். உனக்கு ஓசோன்தான் வேணும்னா சித்திரை மத்தியானத்துல நூறடி ரோட்டு சிக்னல்ல நின்னு நல்லா இழுத்து வுடு. வாடகையே இல்லை.

எப்பப் போறே? மே மாசமா? புள்ளைக்கு லீவுன்னு எல்லாரும் அப்பத்தான் போறாங்க. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் கெழக்குக் கரையில விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் பெருகட்டும்னு தடை. நாட்டுப்படகுக்காரன் கொண்டாரது கொஞ்சந்தான். அந்தக் காலத்துல உன்ற வட்டல்ல விழற வஞ்சிரம் எங்கிருந்து ஐஸ் பெட்டியில வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? உக்கடம் மார்க்கெட்டுக்கு வர்ற லாரியே அங்கயும் போயிருக்கும். முந்நூத்தம்பது கிலோமீட்டரு போயி உக்கடத்து மீனைத் திங்கறதுக்கு டவுன் பஸ்ஸு போதும். அய்ப்பசி கார்த்திகையில போகாதே, அந்தக் கரைக்கு மழையும் புயலும் அப்பத்தான். தை மாசி போ. வாடைக்காத்து தணிஞ்சிருக்கும், மீனும் இருக்கும்.

தை, மாசி, பங்குனியிலதான் ஆமையும் வரும். பங்குனி ஆமைன்னே அதுக்குப் பேரு. ராத்திரி கரையேறி மணல்ல குழி பறிச்சு நூறு முட்டை வாக்குல போட்டு மூடிட்டு, திரும்பிக்கூடப் பாக்காமப் போயிரும். அம்பது நாள் வாக்குல குஞ்சு வெளிய வந்து, எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். கடல்தான் வெளிச்சம்னு அதுக்கு ஆதியிலருந்து நெனப்பு. உன்ற காட்டேஜ் வாசல்ல சீரியல் லைட்டு எரிஞ்சா ரோட்டைப் பாத்து ஓடி நாய்க்கு ஆகாரமாப் போயிரும். அதனால ராத்திரி வெளி லைட்டை அணைக்கச் சொல்லு. கரண்டு பில்லு மிச்சம்னு சொன்னா ஓனரு கேப்பான், புண்ணியம்னு சொன்னாக் கேக்கமாட்டான்.

போறதுக்கு எதுக்கு கண்ணு வண்டி? கோயமுத்தூரு ஜங்சன்ல வெடியால ஜன சதாப்தி ஏறினா திருப்பூரு, ஈரோடு, கரூரு, திருச்சி, தஞ்சாவூருன்னு மத்தியானத்துக்கெல்லாம் மாயவரம். தூக்குப்போசியில அரிசிம்பருப்புச் சோறு கட்டிக்கோ, கரூரு தாண்டினதும் காவேரியைப் பாத்துக்கிட்டே சாப்பிடலாம். மாயவரத்துலருந்து தரங்கம்பாடிக்கு முன்ன ரயிலும் ஓடிச்சு, 1986-ல நிறுத்திப்போட்டாங்க. இப்ப பஸ்ஸு இருக்குது. உப்புக்காத்து வண்டிக்கு நெம்பக் கெடுதல், தெரியுமா? கதவு ஓரத்துல ஆரம்பிச்சு அடித்தகடு வரைக்கும் அரிச்சுரும். அதுவும் பெயிண்டு புதுசா அடிச்ச வண்டின்னா கேக்கவே வேண்டாம்.

இத்தனை நேரம் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினே. காட்டேஜைப் பத்தி அப்பாருகிட்ட ரோசனை கேக்க வந்த மூஞ்சியா இது? என்ற வண்டிச் சாவியைக் கேக்க வந்திருக்கே, வாய் வரல. கேட்டா நான் இல்லைன்னா சொல்லப்போறேன்? சாவி என்கிட்ட இல்லை சாமி. உன்ற ஆத்தாளோட சுருக்குப்பையில இருக்குது. அவ மருதமலையும் பழனியும் பாத்திருக்கா, கடலைப் பாத்ததில்லை. ரெண்டு நாளா அவளும் என்னமோ சேலையெல்லாம் மடிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டிருக்கா. போயி நீயே கேட்டுக்கோ. முன் சீட்டு அவளுக்கு. அம்மிணியைப் பின்னால என்ற பக்கத்துல உக்காந்துக்கச் சொல்லு, எனக்கு ஜன்னலோரம்.